நீனா பெட்ரோகினாவின் ஐரோப்பியப் பட்டத்தை எதை வைத்து அளப்பது? (விவாத இழை)

பனித்தடம் | 3 பிப்ரவரி 2025

அனைவருக்கும் வணக்கம். எஸ்தோனியாவின் தலைநகரான டாலினில் நேற்று நிறைவடைந்த ஐரோப்பிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில், மகளிர் ஒற்றையர் பிரிவுத் தங்கத்தை நீனா பெட்ரோகினா வென்றிருக்கிறார். அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 208.18. ஜார்ஜியாவின் அனஸ்தாசியா குபானோவா வெள்ளியும், பெல்ஜியத்தின் நினா பின்சரோன் வெண்கலமும் பெற்றார்கள். ஐரோப்பிய ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எஸ்தோனியர் ஒருவர் தங்கம் வெல்வது இதுவே முதல் முறை.

2004 ஜூலையில் டாலினில் பிறந்தவர் அவர். பயிற்சியாளர் ஸ்வெத்லானா வர்னாவ்ஸ்கயா. போட்டி நடந்த டோண்டிராபா அரங்கமும் அதே நகரில்தான் இருக்கிறது. தமது ஊர் மக்கள் முன்னிலையில் இருபது வயதில் அவர் பெற்ற இந்த வெற்றியைப் பற்றி, ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் நடக்கும் உரையாடல்களில் ஒரு குரல் மீண்டும் மீண்டும் எழுவதைக் கண்டேன். ரஷ்ய வீராங்கனைகள் இல்லாத களத்தில் கிடைத்த பட்டம் இது, எனவே இதன் எடை குறைவு என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் மறுப்பு என்பது பாராட்டுச் சொற்களால் அமையக் கூடாது. எண்களையும், ஒரு சிறிய நாட்டின் வீராங்கனை எந்த வழியாக இந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது என்பதையும் வைத்தே இதைப் பேச வேண்டும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நெய்தல் ராஜன் | 3 பிப்ரவரி 2025

பனித்தடம் அவர்களே, நான் அந்த எதிர்க்குரலின் பக்கம் நிற்பவன். பெட்ரோகினாவின் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. என் வாதம் களத்தைப் பற்றியது.

2014 முதல் 2022 வரை ஐரோப்பிய மகளிர் பட்டம் ஒரு முறைகூட ரஷ்யாவை விட்டு வெளியே போகவில்லை. லிப்னிட்ஸ்கயா, துக்தமிஷேவா, இருமுறை மெத்வெதேவா, ஸகிடோவா, சமதூரவா, கஸ்தோர்னயா என்று அந்த வரிசை நீள்கிறது. 2021இல் மட்டும் பெருந்தொற்றினால் போட்டி நடக்கவில்லை. சில ஆண்டுகளில் மூன்று பதக்கங்களையும் அவர்களே எடுத்துச் சென்றார்கள். 2022 மார்ச் மாதத்தில் பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியம் ரஷ்யாவையும் பெலாரூசையும் விலக்கிய பிறகே, குபானோவா 2023இலும் லோயெனா ஹென்ட்ரிக்ஸ் 2024இலும் பட்டம் பெற முடிந்தது. இந்த ஆண்டு ஹென்ட்ரிக்ஸும் கணுக்கால் காயத்தால் வரவில்லை. முந்தைய வலிமையான களமும் இல்லை, நடப்புச் சாம்பியனும் இல்லை.

இன்னொரு சான்றும் தருகிறேன். இதே டோண்டிராபா அரங்கில் 2022 ஜனவரியில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் முடிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரஷ்யாவின் வலியேவா 259.06, ஷெர்பகோவா 237.42, த்ரூசவா 234.36. நான்காம் இடத்தில் ஹென்ட்ரிக்ஸ், 207.97. அன்று நான்காம் இடத்துக்குரியதாக இருந்த புள்ளிதான், மூன்று ஆண்டுகள் கழித்து அதே பனித்தளத்தில் தங்கத்துக்குரியதாக ஆகியிருக்கிறது. வேறுபாடு ஏறத்தாழ கால் புள்ளி. இதற்குமேல் வேறு விளக்கம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

தேன்மொழி | 3 பிப்ரவரி 2025

ராஜன் அண்ணா, நீங்கள் காட்டிய பட்டியலில் முதலிடத்தில் இருந்த வலியேவாவின் முடிவு பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. ஊக்கமருந்து வழக்கில், 2021 டிசம்பர் 25 தொடங்கி நான்கு ஆண்டுத் தடை விதித்து விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துக்குள் வரும் டாலின் முடிவும் இரத்தானது. இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலின்படி ஹென்ட்ரிக்ஸ் அங்கே மூன்றாம் இடம். நீங்கள் சொன்ன 207.97 இப்போது வெண்கலத்துக்குரிய புள்ளி. "முழுமையான களம்" என்று எதைச் சொல்கிறோமோ அதன் உச்சியில் இருந்தவரே விலக்கப்பட்டிருக்கும்போது, அந்தக் களத்தை அளவுகோலாக வைத்து இப்போது வென்றவரைக் குறைத்துப் பேசுவது முறையா?

நெய்தல் ராஜன் | 3 பிப்ரவரி 2025

வலியேவாவை நீக்கிவிட்டே கணக்கிடுங்கள், தங்கை. ஷெர்பகோவாவும் த்ரூசவாவும் 230க்கு மேல் நிற்கிறார்கள். அவர்கள் மீது எந்தத் தீர்ப்பும் இல்லை. என் வாதம் அப்படியே இருக்கிறது.

கணக்காயர் | 4 பிப்ரவரி 2025

இந்த விளையாட்டின் புள்ளிக் கணக்கை நீண்ட காலமாகப் பின்தொடர்பவன் என்ற முறையில், ஆண்டுகளுக்கிடையே எண்களை ஒப்பிடுவதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். சற்று நீளும், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஆடும் குறு நிகழ்ச்சி, அடுத்து ஆடும் நெடு நிகழ்ச்சி ஆகிய இரண்டின் கூட்டலே மொத்தப் புள்ளி. ஒவ்வொரு நிகழ்ச்சியின் புள்ளியும் இரண்டு பகுதிகளால் ஆனது. முதலாவது தொழில்நுட்பப் பகுதி. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு ஒன்று உண்டு. அதைச் செய்த தரத்துக்கு நடுவர்கள் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை மதிப்பிடுவார்கள். இரண்டாவது பகுதி கலை, ஒழுங்கமைப்பு, ஸ்கேட்டிங் திறன் ஆகியவற்றைக் குறிக்கும் கூறுகள். 2022 வரை ஐந்து கூறுகள் இருந்தன, பின்னர் அவை மூன்றாகக் குறைக்கப்பட்டன. ஆனால் கூறுகளின் மதிப்பைப் பெருக்கும் எண்ணும் மாற்றப்பட்டதால் மகளிர் குறு நிகழ்ச்சியில் இந்தப் பகுதியின் உச்ச அளவு முன்பு போலவே ஏறத்தாழ 40, நெடு நிகழ்ச்சியில் ஏறத்தாழ 80. ஆகவே 2022க்கு முந்தைய எண்களோடு இன்றைய எண்களை வைத்துப் பார்ப்பது அடிப்படையில் பிழையான செயல் அன்று. ராஜன் அவர்களின் ஒப்பீட்டை இந்தக் காரணத்தைச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. 2022இன் அந்த 230களும் 250களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். லட்ஸ், டோ லூப் என்பவை தாவல் வகைகள். ட்ரிபிள் என்றால் காற்றில் மூன்று சுற்று, குவாட் என்றால் நான்கு சுற்று. ட்ரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90. குவாட் டோ லூப் 9.50, குவாட் லட்ஸ் 11.50. அதாவது ஒரே தாவலில் ஒரு சுற்றுக் கூடினால் மதிப்பு இரட்டிப்பை நெருங்குகிறது. த்ரூசவா பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நெடு நிகழ்ச்சியில் ஐந்து குவாட்களை வைத்தார். பெட்ரோகினாவிடம் குவாட் இல்லை, மூன்றரைச் சுற்றுத் தாவலான ட்ரிபிள் ஆக்சலும் இல்லை. ட்ரிபிள் லட்ஸ், ட்ரிபிள் டோ லூப் சேர்க்கைதான் அவருடைய பெரிய ஆயுதம். அதன் அடிப்படை மதிப்பு 10.10. எனவே 2022இன் அந்த மூவரும் தம் உச்ச நிலையில் இதே அரங்குக்கு வந்திருந்தால் அவர் வென்றிருக்க முடியாது. இதை மறைக்க வேண்டிய தேவை அவருடைய ஆதரவாளர்களுக்கும் இல்லை.

ஆனால் "ரஷ்யர்கள் இருந்த களம்" என்பது எல்லா ஆண்டுகளிலும் 2022 போன்றதாக இருக்கவில்லை. 2019இல் மின்ஸ்க் நகரில் சோஃபியா சமதூரவா 213.84 புள்ளிகளுடன் பட்டம் பெற்றார். அன்றைய ஒலிம்பிக் சாம்பியன் அலினா ஸகிடோவா 198.34 மட்டுமே பெற்று இரண்டாம் இடத்தில் நின்றார். 208.18 அந்த இருவருக்கும் இடையில் வெள்ளியாக அமைந்திருக்கும். விலக்கலுக்குப் பிந்தைய ஆண்டுகளையும் பாருங்கள். 2023இல் எஸ்போவில் குபானோவா வென்றது 199.91. 2024இல் கவுனஸ் நகரில் ஹென்ட்ரிக்ஸ் வென்றது 213.25. பெட்ரோகினா இந்த இரண்டுக்கும் நடுவில், மேல் எல்லைக்கு அருகில் இருக்கிறார். வேறு யாரும் இல்லாததால் தாழ்ந்த புள்ளிக்குப் பட்டம் கிடைத்தது என்ற தோற்றத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

உலக அளவையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் மான்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் கவோரி சகமோட்டோ 222.96, அமெரிக்காவின் இசபோ லெவிட்டோ 212.16, கொரியாவின் சேயோன் கிம் 203.59. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற சகமோட்டோவிடமும் குவாட் கிடையாது. வேகமும், தாவலின் நீளமும், தரையிறங்கும் தெளிவுமே அவருடைய செல்வம். பெட்ரோகினா செல்லும் பாதை அதுதான். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஜனவரியில் 213.25 பெற்ற அதே ஹென்ட்ரிக்ஸ், மான்ட்ரியலில் குறு நிகழ்ச்சிக்குப் பிறகு முதலிடத்தில் இருந்தும், மொத்தத்தில் 200ஐ ஒட்டிய புள்ளியோடு நான்காம் இடத்துக்கு இறங்கினார். நடுவர் குழு மாறுகிறது, நாள் மாறுகிறது, ஒரு தாவல் தவறினால் ஐந்தாறு புள்ளிகள் போய்விடுகின்றன. ஆகவே டாலினின் 208.18, மார்ச்சில் உலகப் போட்டி நடக்கும் பாஸ்டனிலும் அப்படியே வரும் என்று யாரும் எழுத வேண்டாம்.

மாறன் கோவை | 4 பிப்ரவரி 2025

சொந்த ஊர் அரங்கம் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பார்வையாளர்களின் ஆரவாரம் நடுவர்களின் தரமதிப்பீட்டை உயர்த்தியிருக்க வாய்ப்பில்லையா?

கணக்காயர் | 4 பிப்ரவரி 2025

மாறன் அவர்களே, சொந்தத் தளத்தின் தாக்கம் இந்த விளையாட்டில் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது எல்லா எஸ்தோனியர்களையும் ஒரே மாதிரி தூக்கியிருந்தால் ஆடவர் பிரிவிலும் அதன் தடம் தெரிந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு வெள்ளி வென்ற நாடு, இந்த ஆண்டு சொந்த ஊரில் ஆடவர் பதக்கம் எதையும் பெறவில்லை. குறு நிகழ்ச்சிக்குப் பிறகு எட்டாம் இடத்தில் இருந்த சுவிட்சர்லாந்தின் லூக்காஸ் பிரிட்ச்கி தங்கம் வென்றார். இத்தாலியின் மெமோலா இரண்டாவது, முந்தைய சாம்பியனான பிரான்சின் அடம் சியாவோ இம் ஃபா மூன்றாவது. ஆரவாரம் மதிப்பெண் ஆகும் என்றால் அந்த மேடை வேறு மாதிரி இருந்திருக்கும்.

சொந்த மக்கள் முன் ஆடுவது சுமையும்கூட. மேலும், போட்டி நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில்தான் வாஷிங்டன் அருகே விமான விபத்து நேர்ந்தது. இளம் ஸ்கேட்டர்களும் அவர்களுடைய பெற்றோரும் பயிற்சியாளர்களும் அதில் உயிரிழந்தார்கள். 1994இன் உலக இணையர் சாம்பியன்களான ஷிஷ்கோவாவும் நாவுமோவும் அவர்களில் அடங்குவர். டோண்டிராபாவில் மௌன அஞ்சலி செலுத்திவிட்டே போட்டியைத் தொடர்ந்தார்கள். அந்த மனநிலையில் பனியில் இறங்கிய ஒவ்வொருவரையும் நாம் மதிக்க வேண்டும்.

வெண்ணி | 5 பிப்ரவரி 2025

இதுவரை எண்களைப் பற்றிப் பேசினீர்கள். ஒரு நாட்டுக்கு ஒதுக்கப்படும் போட்டி இடங்களைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளின் ரசிகர்கள் அதிகம் கவனிக்காத செய்தி இது, ஆனால் எஸ்தோனியா போன்ற நாட்டில் ஒரு ஸ்கேட்டரின் போட்டி வாழ்க்கையை முதலில் தீர்மானிப்பது இதுவே.

ஐரோப்பியப் போட்டிக்கும் உலகப் போட்டிக்கும் ஒரு நாடு ஒரு பிரிவில் அதிகபட்சம் மூவரை அனுப்பலாம். அந்த எண்ணிக்கை முந்தைய ஆண்டின் முடிவால் அமைகிறது. ஒரே ஒருவரை அனுப்பிய நாடு அடுத்த ஆண்டு மூவரை அனுப்ப வேண்டுமானால், அவர் முதல் இரண்டு இடங்களுக்குள் வர வேண்டும். மூன்று முதல் பத்துக்குள் வந்தால் இருவரை அனுப்பலாம். இருவரை அனுப்பியிருந்தால் அவர்கள் பெற்ற தரவரிசை எண்களின் கூட்டுத்தொகை 13க்குள் இருந்தால்தான் மூன்றாமவரை அனுப்ப முடியும். இதற்கும் மேலாக, ஒன்றியம் வரையறுக்கும் குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளியை ஒவ்வொருவரும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். பெரிய நாட்டில் ஒருவர் சறுக்கினால் இன்னொருவர் தாங்குவார். சிறிய நாட்டில் ஒருவருடைய மோசமான நாள், அடுத்த ஆண்டு இன்னொருவருடைய வாய்ப்பைப் பறித்துவிடும்.

பெட்ரோகினாவின் வாழ்க்கையில் இதன் கூர்மையைப் பார்க்கலாம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எஸ்தோனியாவுக்கு மகளிர் ஒற்றையரில் ஓர் இடம் மட்டுமே இருந்தது. அந்த இடத்தில் சென்றவர் ஏவா-லோட்டா கீபுஸ். பெட்ரோகினாவைவிட ஓர் ஆண்டு மூத்தவர், அன்னா லெவாண்டியிடம் பயின்றவர். பதினான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டில், ஒரே நகரத்தில், ஒரே தலைமுறையில் ஒலிம்பிக் தரம் கொண்ட இரு பெண்கள் உருவாகியிருந்தார்கள். இருவரில் ஒருவர் வீட்டில் இருந்துதான் ஒலிம்பிக்கைப் பார்க்க முடியும். பெட்ரோகினாவுக்கு அப்போது 17 வயது. நான்கு ஆண்டுகள் என்பது இந்த விளையாட்டில் மிக நீண்ட காலம். பெய்ஜிங்கில் மேடையேறிய பல பதின்வயதுப் பெண்கள் இன்று போட்டிக் களத்திலேயே இல்லை. அந்த இடைவெளியைக் கடந்து, மேலும் வளர்ந்து, இருபது வயதில் ஐரோப்பாவின் முதலிடத்துக்கு வந்திருப்பதை நான் 208.18 என்ற எண்ணைவிடப் பெரிதாகக் கருதுகிறேன்.

கீபுஸ் இல்லாமல் பெட்ரோகினா இல்லை என்றும் சொல்வேன். நாட்டுக்குள் நெருக்கும் போட்டியாளர் இல்லாத சிறு நாடுகளில் தேசியப் பட்டம் வெறும் சடங்காக ஆகிவிடுகிறது. டாலினில் அப்படி நடக்கவில்லை. ஆடவர் பிரிவிலும் அலெக்சாண்டர் செலெவ்கோ, மிகைல் செலெவ்கோ என்ற உடன்பிறந்தோர் இருவர் ஒருவரையொருவர் உயர்த்திக்கொண்டே வந்தார்கள். அண்ணன் அலெக்சாண்டர் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நெடு நிகழ்ச்சிக்கே தகுதி பெறாதவர். அதே மனிதர் இரண்டு ஆண்டுகளுக்குள், 2024 ஜனவரியில் கவுனஸில் 256.99 புள்ளிகளோடு ஐரோப்பிய வெள்ளியை வென்றார். எஸ்தோனியாவுக்கு ஐரோப்பியப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். அதற்கு மறு ஆண்டு முதல் தங்கம். தனித்த ஒருவரின் தற்செயல் வெற்றி என்று இதை யாரும் சொல்ல முடியாது.

பனித்தடம் | 5 பிப்ரவரி 2025

வெண்ணி அக்கா, மிகச் செறிவான பதிவு. நீங்கள் அன்னா லெவாண்டியைக் குறிப்பிட்டதால் அந்த வேரைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன்.

அன்னா கொந்த்ரஷோவா என்ற பெயரில் சோவியத் ஒன்றியத்துக்காக ஆடியவர் அவர். 1984இல் ஒட்டாவாவில் நடந்த உலகப் போட்டியில் கத்தரினா விட்டுக்கு அடுத்து வெள்ளி வென்றார். 1988 கல்கரி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாவலும் ஓட்டமும் சேர்ந்த நோர்டிக் இருபோட்டியில் வெண்கலம் வென்ற எஸ்தோனியரான அல்லர் லெவாண்டியை மணந்து டாலினில் குடியேறினார். எஸ்தோனியா 1991இல் விடுதலை பெற்ற பின் அந்நாட்டின் ஸ்கேட்டர்கள் தம் கொடியின் கீழ் தொடக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கட்டியெழுப்ப வேண்டியிருந்தபோது, உலக மேடையை அறிந்த ஒருவர் அங்கேயே வாழ்ந்தது பெரும் பேறு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆடிய எலேனா கிளெபோவா, பல ஆண்டுகள் தேசியப் பட்டத்தைத் தம் கையில் வைத்திருந்தவர். அவருடைய தலைமுறை இறுதி நெடு நிகழ்ச்சிக்குள் நுழைவதையே இலக்காகக் கொண்டிருந்தது. அங்கிருந்து தங்கம்வரை வந்த தூரம் பதினைந்து ஆண்டு.

அரங்கத்தின் பங்கையும் மறக்கக் கூடாது. டோண்டிராபா 2014இல் திறக்கப்பட்டது. லஸ்னமே என்ற, ரஷ்ய மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியில் அது இருக்கிறது. அதன் பிறகு 2015, 2020, 2022 ஆண்டுகளின் உலக இளையோர் போட்டிகள் டாலினுக்கு வந்தன. 2022 ஜனவரியில் ஐரோப்பியப் போட்டி முடிந்த சில நாட்களிலேயே, சீனாவின் தியான்ஜினில் நடக்கவேண்டியிருந்த நான்கு கண்டங்கள் போட்டியையும் அதே நகரம் ஏற்று நடத்தியது. உலகின் சிறந்தவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், விழுந்த பின் எப்படி எழுகிறார்கள் என்பதைத் தன் ஊரிலேயே அருகில் நின்று பார்த்து வளர்ந்த குழந்தைகளின் தலைமுறை பெட்ரோகினாவுடையது.

நெய்தல் ராஜன் | 6 பிப்ரவரி 2025

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். வெண்ணி அவர்கள் எழுதிய வரலாறு என் மனத்தைத் தொட்டது. இருந்தாலும் என் கேள்விக்கு அது விடை ஆகாது. ஒருவர் வந்த பாதை கடினமானது என்பதும், அவர் வென்ற களம் வலிமையானது என்பதும் தனித்தனிக் கூற்றுகள். முதலாவதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவதில் கணக்காயர் அவர்களே 2022இன் மூவரை அவர் வென்றிருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். 2019ஐக் காட்டியது பொருத்தமான பதில் என்பதால் அதையும் ஏற்கிறேன். ஆனால் 2019இன் ரஷ்யர்கள் இன்றைய ரஷ்யர்கள் அல்லர். இன்று அந்நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் சிறுமிகள் குவாட் தாவுகிறார்கள். அவர்கள் வந்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

தேன்மொழி | 6 பிப்ரவரி 2025

அண்ணா, "சிறுமிகள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இன்னொரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் தாய்லாந்தின் புக்கெட் நகரில் கூடிய ஒன்றியத்தின் மாநாடு, மூத்தோர் பிரிவில் போட்டியிடும் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆகப் படிப்படியாக உயர்த்தியது. 2023-24 பருவத்தில் 16, இந்த 2024-25 பருவத்திலிருந்து 17. குவாட் தாவும் பதினைந்து வயதுக் குழந்தை, எந்த நாட்டைச் சேர்ந்தவராக இருந்தாலும், இப்போது ஐரோப்பியப் போட்டிக்கு வர முடியாது. ரஷ்யா விலக்கப்படாமல் இருந்திருந்தாலும் 2022இன் களம் அதே வடிவில் திரும்பியிருக்காது.

இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன். உடல் முழு வளர்ச்சி அடையும் முன்பே சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, இரண்டு பருவங்கள் ஒளிர்ந்து, முதுகும் இடுப்பும் பழுதாகி விலகிய பெண்களை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! அந்த முறையை இயல்பானதாக வைத்துக்கொண்டு, பெண்ணாக வளர்ந்த பின்னும் தாவல்களைக் காத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக முன்னேறிய ஒருவரை "களம் காலியாக இருந்ததால் வென்றார்" என்று சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. களம் காலியாக இருந்ததா என்ன? வெள்ளி வென்ற குபானோவா ரஷ்யாவில் வளர்ந்து, 2016இல் அந்நாட்டுக்காக இளையோர் கிராண்ட் பிரீ இறுதியில் ஸகிடோவாவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றவர். பின்னர் ஜார்ஜியாவுக்கு வந்து 2023இல் ஐரோப்பியப் பட்டம் வென்றவர். அவரை நேருக்கு நேர் வென்றுதான் பெட்ரோகினா மேடையேறினார்.

நெய்தல் ராஜன் | 6 பிப்ரவரி 2025

வயது விதியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, தங்கை. குழந்தைகளை வருத்தும் முறையை நான் ஆதரிக்கவில்லை. குபானோவாவைப் பற்றிய குறிப்பும் வலுவானது. பட்டம் பெட்ரோகினாவுடையது, அதன் பக்கத்தில் ஐயத்தைக் காட்டும் உடுக்குறி (*) இட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதினேழு வயதைக் கடந்த ரஷ்யர்களும் குவாட் அல்லது ட்ரிபிள் ஆக்சலோடு இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் நிற்கும்போதுதான் ஒப்பீடு நிறைவுபெறும் என்பதில் என் நிலை மாறவில்லை.

கணக்காயர் | 7 பிப்ரவரி 2025

அந்த ஒப்பீடு ஓரளவுக்கு நடக்கப் போகிறது. மிலான்-கொர்டீனா ஒலிம்பிக் தகுதிக்காக, ரஷ்யாவும் பெலாரூசும் ஒரு பிரிவுக்கு ஒருவரை நடுநிலை வீரராக முன்மொழியலாம் என்று ஒன்றியம் சென்ற டிசம்பரில் அறிவித்தது. செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடக்கும் தகுதிச்சுற்று வழியாக மட்டுமே அவர்கள் வர முடியும். எனவே 2026 பிப்ரவரியில் மிலான் பனித்தளத்தில் ரஷ்யப் பெண் ஒருவர் இருக்க வாய்ப்பிருக்கிறது. மகளிர் குறு நிகழ்ச்சியில் குவாட் தாவ விதி அனுமதிப்பதில்லை, அங்கே எல்லோரும் ட்ரிபிள்களோடுதான் மோத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோகினா போன்றவர்களுக்கு அந்த முதல் நாள் மிக முக்கியமானது.

வெண்ணி | 7 பிப்ரவரி 2025

அதற்கு முன் பாஸ்டன் இருக்கிறது. மார்ச் 25 முதல் 30 வரை அங்கே நடக்கும் உலகப் போட்டியின் முடிவுகளை வைத்தே ஒலிம்பிக்கின் பெரும்பான்மை இடங்கள் நாடுகளுக்குப் பங்கிடப்படும். ஐரோப்பியத் தங்கத்தால் ஓர் ஒலிம்பிக் இடம்கூடக் கிடைக்காது. இதைப் பலர் அறிவதில்லை. தனியாகச் செல்லும் வீராங்கனை முதல் பத்துக்குள் வந்தால் தம் நாட்டில் இருந்து இரண்டாமவரும் செல்வதற்கான வாய்ப்பைத் திறந்துவைக்கிறார். 2022இல் ஓர் இடம் மட்டுமே இருந்ததால் விடுபட்டுப்போன அதே பெண், இம்முறை தமக்குப் பின்னால் வரும் இளையவர் ஒருவருக்கும் சேர்த்து ஆட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் கொரியாவும் முழு வலிமையோடு வரும் களம் அது. டாலினில் காட்டிய தாவல் அமைப்பை அங்கே மாற்றாமல், ட்ரிபிள் லட்ஸ் சேர்க்கையை இரண்டு நாட்களிலும் சுத்தமாகத் தரையிறக்கினாலே முதல் பத்து என்பது எட்டக்கூடிய இலக்கு என்று நம்புகிறேன்.

பனித்தடம் | 7 பிப்ரவரி 2025

நானும் அவ்வாறே கருதுகிறேன். பாஸ்டன் குறு நிகழ்ச்சி முடிந்த அன்றே, தாவல் தாவலாக நடுவர்களின் மதிப்பீட்டுத் தாளைக் கணக்காயர் அவர்கள் இங்கே பிரித்து எழுதினால் அனைவருக்கும் பயன்படும். ராஜன் அவர்களும் அப்போது வந்து கலந்துகொள்ள வேண்டும். இழையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.